நிதானப் பயிற்சி

குழந்தைகள் காப்பகத்தில் கோபத்தை அடக்கும் பயிற்சி முடிந்து, கண்காணிப்பாளர் முன்னிலையில் பரீட்சை நடந்தது.

"கோபம் வந்தா என்ன பண்ணணும் கண்ணு?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"கத்தக் கூடாது மிஸ். மனசுல இருக்கறதை அமைதியா சொல்லணும்" என்றாள் சிறுமி.

"பாத்தீங்களா சார்! போன மாசம் கேட்டைப் பிடிச்சுத் தொங்கி ஊரையே கூட்டின வாண்டு இது!"

கண்காணிப்பாளருக்கு உச்சி குளிர்ந்தது. "அன்னிக்கு இவ போட்ட கூச்சல்ல, தத்தெடுக்க வந்தவங்க மிரண்டு ஓடிட்டாங்க. இனிமே பயமில்ல. டிரைவர், அவங்க கேட்ட இவ தங்கச்சியை வண்டியில ஏத்துப்பா!"

அக்கா கத்தவில்லை.

"எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு சார். அவளை அனுப்பாதீங்க."

"அடடா, என்ன பக்குவமா சொல்றா!" என்று கைதட்டினார் கண்காணிப்பாளர்.

வண்டி கேட்டைத் தாண்டியது.