இருமாத நெஞ்சு

“ரெஸ்பிரே! மூச்ச நல்லா இழு. ம்... விடு. இன்னொருவாட்டி இழு!”

டாக்டர் மரியநாதன் அந்த ஆளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டுக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி முகம் பூரித்துப் போயிற்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். சந்தோஷம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சும் வந்துவிடும்.

“த்ரே பியான்! மேனேஜர் சார், நீங்களே வந்து கேளுங்க. என்னா நெஞ்சு! சும்மா கணீர்னு இருக்கு!”

மில் மேனேஜர் ராமலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொழிலாளி பக்கத்தில் போனால் வெள்ளைச் சட்டையில் பஞ்சு ஒட்டிவிடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்திலேயே பல வருஷமாக ஷெட்டுக்குள் கால் வைக்காமல் நிர்வாகம் நடத்துகிற கெட்டிக்காரர்.

“டோக்கன் சரியா இருக்கா பாருங்க” என்றார்.

அந்த ஆள் பித்தளை டோக்கனை நீட்டினான்.

“சரியா இருக்கு. காத்தவராயன், ஸ்பின்னிங்” என்றார் டாக்டர்.

காத்தவராயனின் மனைவி குஞ்சம்மாள் கதவோரம் நின்று, ஊரில் உள்ள அம்மன்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடாமல் என்ன செய்வாள்? பஞ்சுத் தூசி நெஞ்சைத் தின்கிறது, தூசியை வெளியே இழுக்க ஃபேன் வையுங்கள் என்று யூனியன்காரர்கள் கத்தினார்கள். ஃபேன் வைத்தால் செலவு. நிர்வாகம் யோசித்து அதைவிட மலிவான வைத்தியம் ஒன்றைக் கண்டுபிடித்தது. எல்லோருக்கும் நெஞ்சுப் பரிசோதனை. இருமுகிறவனுக்குக் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது. இருமுகிறவன் ஒழிந்தால் மில்லில் இருமல் ஒழிந்தது!

இதே மேனேஜருக்குப் போன மாதம் தும்மல் வந்தது. மில் செலவில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தார்.

“நீ எதுக்கும்மா கூடவே வந்தே?” என்று அவர் குஞ்சம்மாளைக் கேட்டார்.

“வேல போச்சுன்னா மூணு பொட்டப் புள்ளைங்களோட நடுத்தெருவுல நிக்கணுங்க. வூட்டுல இருப்பு கொள்ளல.”

“மில்லுல சேந்து எத்தினி வருஷம்பா ஆச்சு?” என்றார் டாக்டர்.

அவன் வாயைத் திறப்பதற்குள் குஞ்சம்மாள் முந்திக்கொண்டாள். “இருவது வருசம் ஆச்சுங்க.”

“ஏன், அவன் பேசமாட்டானா?”

“பெரியவங்க முன்னால பேச்சு வராதுங்க. கூச்சம்.”

மேனேஜருக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று. “தொழிலாளின்னா இப்பிடி இருக்கணும்! வயசு என்னம்மா?”

“நாப்பத்திரெண்டுங்க.”

“பாத்தா முப்பதுகூட மதிக்க முடியாது! நம்ம மில்லுச் சோறு அப்பிடி” என்று தன் தொப்பையைத் தடவிக்கொண்டார் மேனேஜர்.

“இருவது வருஷம் பஞ்சுக்குள்ள நின்ன நெஞ்சு!” டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். “தூசி, தூசின்னு கத்துறானுங்களே, அவனுங்களக் கூட்டியாந்து இத காட்டணும். என்னக் கேட்டா, அந்தத் தூசி ஒடம்புக்கு நல்லதுன்னே சொல்லுவேன்!”

கடற்காற்று ஜிலுஜிலுவென்று வீசுகிற கிளினிக்கில் உட்கார்ந்து சொல்வதற்கு மிகவும் பொருத்தமான பேச்சுதான் அது.

டாக்டர் ‘ஃபிட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குஞ்சம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டையை மாட்டிக்கொண்ட ஆளின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசல் பக்கம் கிளப்பினாள்.

“இரும்மா” என்றார் மேனேஜர். “டாக்டர், நம்ம புளோரூமுக்கு ஆளு கெடைக்காம தவிக்கிறோம். எவனப் போட்டாலும் ரெண்டே மாசத்துல நெஞ்சப் புடிச்சிக்கிறான்.”

புளோரூம் என்பது பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் கொட்டி அடிக்கிற இடம். எதிரே நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும்.

“இவன் நெஞ்சு தாங்குமா?”

“தாங்குமாவா! இன்னும் இருவது வருஷத்துக்குத் தாங்கும்!”

“அப்ப சரி. நாளையிலேர்ந்து காத்தவராயனுக்குப் புளோரூம் டூட்டி.”

குஞ்சம்மாள் அலறிக்கொண்டு வந்து மேனேஜர் காலில் விழுந்தாள். “ஐயா, வேணாங்க! ஸ்பின்னிங்லயே இருக்கட்டுங்க! ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!”

மேனேஜர் அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டார். “ஏம்மா, புருஷனுக்கு நெஞ்சு நல்லா இருக்குன்னு சொன்னா அழுவுறியே! புளோரூம் வேணாம்னா என்னா காரணம்? சொல்லு.”

காரணம் அவள் தொண்டைவரை வந்தது. சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள். அந்த ஆளும் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனான்.

“இதுங்களுக்கு நல்லது செஞ்சாலும் அழுவும், கெட்டது செஞ்சாலும் அழுவும்” என்றார் மேனேஜர்.

“வுய், வுய்” என்று ஆமாம் போட்டார் டாக்டர்.

கேட்டைத் தாண்டியதும்தான் அந்த ஆள் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

“இப்ப இன்னாக்கா பண்றது? மாமாகிட்ட நீயே சொல்லிடு. என்னால ஆவாது.”

மரத்தடியில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவுக்குள் எலும்பும் தோலுமாகச் சுருண்டு கிடந்த காத்தவராயன், இருமி முடித்து மூச்சு வாங்கி, பெண்டாட்டியைப் பார்த்து ஆசையாகக் கேட்டான்:

“இன்னா குஞ்சு, நான் பாஸா?”