கோடி வீட்டுப் பச்சை

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் பனி இன்னும் விலகவில்லை. தொழிலாளர் லயத்தின் கோடி வீட்டு வாசலில் சூசைமுத்து மகளின் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்திருக்கிறார். டப்ளினில் கட்டடக் கலைஞராக இருக்கும் கேத்லீன் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். படத்தில் இருப்பவை அவள் வடிவமைத்த வீடுகளின் மாதிரிகள். வெளிநாட்டுக் கண்காட்சியில் அயர்லாந்தின் பெயரால் வைக்கப்பட்டவை. ஒரே நீளக் கூரை, வரிசையாய்க் கதவுகள். “இது நம்ம லயம்லா,” என்கிறார். அவருடைய கட்டைவிரல் கடைசிக் கதவில் வந்து நிற்கிறது. அது மட்டும் பச்சை. “அயர்லாந்துப் பச்சைன்னு எல்லாரும் பாராட்டுனாங்கப்பா.” மெல்ல ஏறும் வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவைத் தொடுகிறது. அதே பச்சை. சூசைமுத்து தோள் குலுங்கச் சிரிக்கிறார். “ஃபேக்டரியில மிஞ்சுன பெயிண்ட்டுலா இது! நீ அவங்ககிட்ட சொல்லலயாம்மா?” கேத்லீன் கதவின் உரிந்த விளிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.