எந்த ஆனந்தராஜ்?

"அந்தக் கட்டுரையை எழுதின இனியவன் நீங்கதானே? முதல்ல தலைப்ப மாத்துங்கண்ணா. அதால ஒரு நிச்சயதார்த்தம் நின்னுபோச்சு."

இனியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுப்புரத்தில் செல்போன் கடை அவனுக்கு. ஆள் வராத நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுவான். அது கல்யாணத்தில் போய் கைவைக்கும் என்று கண்டானா?

திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த கலைப்பிரியா போனை நீட்டினாள். மு. ஆனந்தராஜ் என்று தேடினால், கூட்டாளியைக் கொன்று ஆயுள் தண்டனை வாங்கிய திண்டிவனம் வியாபாரிதான் வந்தான். அதே ஊரில், அதே பெயரில், அதே இனிஷியலில் ஒரு தமிழாசிரியரும் உண்டு. அவரைப் பற்றிய கட்டுரைக்கு அடைப்புக்குறியில் 'ஆசிரியர்' என்று போட்டு ஒதுக்கி வைத்திருந்தான் இனியவன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முதல்ல வந்த பக்கத்தைப் பார்த்துட்டு, அப்பீல் போட்டு ஜாமீன்ல வந்தவருன்னு நெனச்சு, கொலைகாரன் வீட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னுட்டாங்க. வாத்தியார் ரெண்டு நாளா சாப்பிடாம படுத்துக்கினு இருக்காரு."

"ஜனங்க அதிகமா தேடுற ஆளுக்குத்தான் அடைப்புக்குறி இல்லாத வெறும் பேரு. அது விதிம்மா."

"கொலை பண்ணா அதிகமாத்தான் தேடுவாங்க!"

இனியவன் லேப்டாப்பைத் திறந்தான். "சரி, வெறும் பேர்ல தேடினா 'எந்த ஆனந்தராஜ்?'னு கேக்குற பக்கம் வச்சிடறேன். இந்தாளுக்கு அடைப்புக்குறியில வியாபாரின்னு போட்டுடலாம்."

"வேணாம். கொலைக் குற்றவாளின்னு போடுங்க. யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது."

என்ன கல்நெஞ்சு! இனியவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தாளுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்ல? அதுங்க எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அவங்க குடும்பத்தைக் குத்தணுமா?"

"அதுங்க எப்படியோ நடந்துக்கும். நீங்க போடுங்க."

"அப்பீல்ல என்ன ஆச்சோ? ஆதாரம் இல்லாம தலைப்புல கொலைன்னு போட முடியாது."

அவள் கைப்பையிலிருந்து மடிப்பு கிழிந்த ஒரு தீர்ப்பு நகலை எடுத்து மேஜையில் வைத்தாள். தண்டனை உறுதி செய்யப்பட்டிருந்தது.

"இதுக்குன்னு கோர்ட்டுக்கே போய் வாங்கினீங்களா? வாத்தியார் பொண்ணுக்குப் பிடிவாதம் ஜாஸ்திதான்!"

"நான் வாத்தியார் பொண்ணு இல்லண்ணா, அவர்கிட்ட படிச்சவ" என்றாள் கலைப்பிரியா. "இது எங்க வீட்டு பீரோவுல இருந்துச்சு. எங்கப்பாவோட தீர்ப்பு."