கையை எடுக்காதே

என் இடது கை ரெக்கார்டு பிளேயரின் உலோகத் தகட்டில். வலது கை, பாட்டின் சத்தத்தைப் பெருக்க என் கணவர் செய்த வால்வுப் பெட்டியின் மேல். இப்படி நின்று பதினைந்து நிமிடம் ஆகிறது.

கையை எடுத்தால் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகும். வைத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர் இசைத்தட்டுக் கடை முதலாளி. பாட்டைத் தவிர வேறு சத்தம் துளியும் வராவிட்டால் பத்துப் பெட்டி வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். என் கணவரின் இரண்டு வருட உழைப்பு இப்போது அவர் காதில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், என் கையில்.

ஐந்து நாளாக முனகல். என் கணவர் வால்வுகளை மாற்றினார், டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்தார், சாப்பாட்டை மறந்தார். இன்று காலை தூசி தட்ட வந்தவள் இரண்டையும் சேர்த்துத் தொட்டேன். முனகல் நின்றது. பாய்ந்து வந்து என் கைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

"அம்மா ஏன் நின்னுக்கிட்டே இருக்காங்க? உக்காரச் சொல்லுங்க," என்றார் கடைக்காரர், ஒரு கண்ணைத் திறந்து.

"அவ நின்னுக்கிட்டுதான் சார் பாட்டுக் கேப்பா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்," என்றார் என் கணவர்.

பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். காது மடல் சிவந்துவிட்டது.

காப்பி போடவும் அவரே போனார். அந்தக் காப்பியைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். மனுஷனுக்கு நாக்கு இல்லை, முழுக்கக் காதுதான்.

எனக்கு மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்தது. கடைக்காரர் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டினார். ஒன்றுமில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை.

இருபது பெட்டி என்றார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் தலையை மட்டும் தாழ்த்தினேன். ரொம்பப் பணிவு என்று என் கணவரிடம் பாராட்டிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபது பெட்டிக்கும் உன்னையே அனுப்பி வைக்க முடியாதே!"

பிறகு தன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலிலிருந்து தேட வேண்டும், என் காது இல்லாமல் முடியாது என்றார்.

இரண்டு வருடமும் சாயங்காலமானால் இப்படித்தான் கூப்பிடுவார். அவர் ஒன்றை மாற்றுவார், நான் 'இன்னும் இரையுது' என்பேன். போன மாதம் ஒருநாள், இரைச்சல் ஒன்றுமே கேட்கவில்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பெட்டி தயாராகிவிட்டது. அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. அந்த ஒரு மாதம் எனக்கு அழுகையாக வந்தது.

பிளேயரையும் பெட்டியையும் இணைக்க, பின்பக்கம் மெல்லிய எர்த் வயர் ஒன்று உண்டு. அது இருந்தால் என் கைக்கு வேலையே இல்லை. பெட்டிக்குள் அத்தனையையும் குடைந்தவர் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. இன்று காலை அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தூசி தட்டும் சாக்கில் அதை மாட்டிவிடத்தான் போனேன். மனுஷன் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால்தானே? வேறு வழியில்லாமல் கையை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வயரைக் கழற்றியது நான்தான். அடுத்த வாரம் மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.