ஐந்து கோடி ஆண்டுத் தாடை

மேசையின் வெள்ளைத் துணிமேல் எலும்பு கிடக்கிறது. ‘ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் தழை தின்று வாழ்ந்து அழிந்த, டேப்பிர் என்ற நீள்மூக்கு மிருகத்துக்கு உறவான விலங்கின் தாடை’ என்கிறது மாணவன் கலைச்செல்வன் எழுதிவைத்த அட்டை. கல்லூரிக் கண்காட்சிக்கு நடுவராக வந்திருக்கும் வணிகவியல் பேராசிரியர் பயபக்தியோடு குனிந்து பார்க்கிறார். சேதராப்பட்டு ஃபேக்டரியில் ஷிப்டு முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடு வந்திருக்கும் அவன் அம்மா ரோஸ்லின், ஜன்னல் வெயிலில் மினுங்கும் கோணல் பல்லைத் தடவுகிறாள். விரல் நின்றுவிடுகிறது. போன வருஷம் பாம்பு கடித்துச் செத்து, முருங்கையடியில் அவளே புதைத்த கன்றின் பல் அது. கலைச்செல்வனுக்குக் காதுமடல் சுடுகிறது. “இந்த மாதிரி மிருகத்த முன்ன பாத்திருக்கீங்களாம்மா?” என்று சிரிக்கிறார் நடுவர். “இல்ல சார், இப்பதான் பாக்கறேன்,” என்கிறாள் ரோஸ்லின், மகன் பக்கம் திரும்பாமலே. “பாத்து மார்க்கு போடுங்க சார். புள்ள கஷ்டப்பட்டு தோண்டியிருக்கான்.”