திரையில்லாத ஜன்னல்

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி, விடாத சாரல். நெதர்லாந்தின் ஹார்லெம் நகராட்சி அலுவலகத்தில், கோர்னீலியா அம்மையார் குடையை மடக்கிவிட்டு அதிகாரி வௌட்டரின் எதிரே அமர்ந்தார்.

“என் ஜன்னலுக்கு எதிர்ல இருக்குற கேமராவை எப்பதான் கழட்டுவீங்க, தம்பி?”

“சைக்கிள் திருட்டைத் தடுக்கத்தானேம்மா வச்சோம்? அதுவும் உங்க ஜன்னலுக்குத் திரையே கிடையாது. தெருவே உங்க சாப்பாட்டு மேசையைப் பாக்குது.”

“திரை போடாதது என் சுதந்திரம். எங்க தெருவுல யாருமே போட்டதில்ல.”

சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஓர் ஆண்டாகத் தவித்த வௌட்டர், இறுதியில் சுதந்திரத்தின் பக்கம் சாய்ந்து ஆணையில் கையெழுத்திட்டார்.

“கேமரா நாளைக்கே போயிடும். இனி உங்க வீட்டை யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.”

அம்மையாரின் முகம் சுருங்கியது.

“அப்படி யாரு கேட்டா? அது வந்த நாள்லேர்ந்து, எட்டிப் பாத்தா படத்துல விழுந்துருவோம்னு பயந்து எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போறாங்க. புதுசா சரவிளக்கு மாட்டி ஆறு மாசமாச்சு, தம்பி. ஒருத்தர்கூடப் பாக்கல.”

‘அன்னாரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு’ எனத் தொடங்கிய ஆணையை வௌட்டர் மீண்டும் ஒரு முறை படித்தார். பிறகு அதை அம்மையாரிடம் நீட்டினார்.