யார் தின்ற மீன்

சுகாதார நிலையத்திலிருந்து மலப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. ஓக்பூனின் கணவர் தால்சு கொடுத்த டப்பாவில், பச்சை ஆற்றுமீன் தின்றால் வரும் ஈரல் புழுவின் முட்டைகள் இருந்தனவாம்.

மடியிலிருந்த நாய் போக்சிலியைத் தடவியபடி ஓக்பூன் சீறினாள். "நக்டோங் ஆத்து மீனைப் பச்சையாத் தின்னுருக்கீங்க! உங்க அண்ணன் ஈரல் கெட்டுச் செத்தும் புத்தி வரலையா?"

"இல்லம்மா..."

"பின்ன சோஜு சாராயத்துக்கு எதைக் கடிச்சீங்க, முள்ளங்கியா? நான் பச்சை மீனைத் தொடுறேனா? அதான் டப்பாவே கொடுக்கல."

அவருடைய சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தாள். பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்க் காடி வாசம்.

"சரி, தின்னேன்," என்றார் தால்சு. "ஆனா மாட்டிக்கக் கூடாதுன்னு டப்பாவுல போக்சிலியோடதைத்தான் போட்டுக் கொடுத்தேன்."

"அட அசிங்கமே!" ஓக்பூன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தால்சு சிரிக்கவில்லை. நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உன் மடிய விட்டு இறங்காது. உன் தட்டுல மிஞ்சுறதைத் தவிர எதையும் தின்னாது. இதுக்கு ஏதும்மா பச்சை மீன்?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நாளைக்கு நீயும் டப்பா எடுத்துக்க," என்றார் மெதுவாக. "சேர்ந்தே போவோம்."